50 என்றால் 25! மெமரி கார்டின் ரகசிய பாஷை

கட்டை விரல் நகத்தின் அளவுதான் இருக்கிறது. நீளம் 15 மில்லி மீட்டர். அகலம் 11 மில்லி மீட்டர். கனம் 1 மில்லி மீட்டர். ஆனால் ஒரு வீட்டின் கல்யாணம், வளைகாப்பு, குழந்தையின் முதல் நடை, காலமான பாட்டியின் சிரிப்பு, அத்தனையும் இதற்குள் அடங்கிவிடும்.

இதுதான் "மைக்ரோ எஸ்.டி." என்ற மெமரி கார்டு. செல்போனில் செருகுகிறோமே, அதேதான்.

சில சமயம் இந்தக் கார்டு சண்டித்தனம் செய்யும். படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் ஆமை வேகம். அல்லது, பாதியில் "பிழை" என்று நின்றுவிடும். "கார்டு கெட்டுவிட்டது" என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. படங்களும் அதோடு போய்விடும்.

ஆனால், கார்டின் மீது குற்றமே இல்லாமலும் இப்படி நடப்பது உண்டு! அப்போது குற்றவாளி யார்? "டிரைவர்"!

யார் இந்த டிரைவர்?

கார் ஓட்டும் டிரைவர் அல்ல. கம்ப்யூட்டரை நடத்தும் மூல மென்பொருளுக்கு "ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் அந்த வகை. அதற்கும் கார்டுக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சிறு மென்பொருள்தான் டிரைவர்.

கார்டைச் செருகியதும் பேச்சு தொடங்கும். எடுத்த எடுப்பில் வேகம் கூடாது. வினாடிக்கு 4 லட்சம் துடிப்புக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. "நீ யார்? உன் வேகம் என்ன?" என்று டிரைவர் நிதானமாகக் கேட்கும். கார்டு பதில் சொல்லும். அதன் பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

சங்கேத எண்

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கார்டு தன் வேகத்தை ஒரே ஒரு எண்ணில் சொல்கிறது. அந்த எண் 50.

50 என்றால் 50 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 5 கோடி துடிப்பு என்று நினைத்தால் மோசம் போனோம்! அது சங்கேத எண். அதன் ஒரு பகுதி "இரண்டரை" என்கிறது. மறு பகுதி "ஒரு கோடி" என்கிறது. இரண்டையும் பெருக்கினால் இரண்டரைக் கோடி. அதாவது 25 மெகாஹெர்ட்ஸ்தான்!

சங்கேதம் புரியாத டிரைவர், கார்டை இரு மடங்கு வேகத்தில் விரட்டும். கார்டு திணறக்கூடும். கார்டிலிருந்து செய்திகள் 512 பைட் கொண்ட பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொன்றுடனும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது ஒத்து வராவிட்டால் "பிழை" என்று அறிவிப்பு வரும். பழி கார்டின் மேல் விழும்!

கேட்டால்தான் சொல்லும்

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு.

அதிவேகக் கார்டும் முதலில் 25 என்றுதான் அடக்கமாகச் சொல்லும். "இதைவிட வேகமாக ஓடுவாயா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்கான கட்டளையின் எண் 6. கார்டு 64 பைட் நீளத்துக்குப் பதில் தரும். பிறகு, அதே கட்டளையைக் கொண்டு "வேகத்துக்கு மாறு" என்று உத்தரவிட வேண்டும். மாறியதும், பழைய 50 என்ற எண் 90 ஆகிவிடும். 90 என்றால் 50 மெகாஹெர்ட்ஸ்!

எல்லாக் கார்டுகளிடமும் இப்படிக் கேட்கவும் கூடாது. முதல் பதிப்பைச் சேர்ந்த பழைய கார்டுகளுக்கு 6-ம் கட்டளையே தெரியாது. ஆகவே, எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கேட்காமலே விட்டால் நஷ்டம் எவ்வளவு? சாதாரண முறையில் வினாடிக்கு 12.5 மெகாபைட் வரை போகும். அடுத்த முறையில் 25. "யு.எச்.எஸ்.-1" என்ற புதிய முறையில் 104 வரை போகும். 32 ஜிகாபைட் கல்யாண வீடியோவை மாற்ற, முதல் முறையில் சுமார் 43 நிமிடம் ஆகும். கடைசி முறையில் சுமார் 5 நிமிடம் போதும். இவை உச்ச வேகக் கணக்கு. நடைமுறையில் நேரம் கூடும்.

வைத்தியம் என்ன?

எஸ்.டி. கார்டை 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய கம்பெனிகள் சேர்ந்து அறிவித்தன. மறு வருடம் எஸ்.டி. சங்கம் தோன்றியது. கார்டு எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை வகுப்பது இந்தச் சங்கம்தான்.

டிரைவரைத் திருத்தும் நிபுணர், விதிகளையும் டிரைவரின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். எந்தக் கேள்வி விடுபட்டது, எந்த எண் தவறாகப் படிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார். திருத்தம் சில வரிகளாகவே இருக்கலாம். ஆனால், பழைய கார்டு, புதிய கார்டு என்று பலவற்றையும் செருகிச் சோதித்த பிறகே அதை வெளியிட வேண்டும். லினக்ஸின் வரிகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம்.

அந்தத் திருத்தம் நம் வீட்டுக்கு "அப்டேட்" என்ற பெயரில் வந்து சேருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

கார்டு தகராறு செய்தால் பதற வேண்டாம். வேறொரு கருவியில் செருகிப் பாருங்கள். யு.எஸ்.பி. ரீடரிலும் போட்டுப் பார்க்கலாம். அதில் கார்டுடன் பேசுவது ரீடரே. அங்கே படங்கள் தெரிந்தால், உடனே பிரதி எடுத்துவிடுங்கள். "பார்மட் செய்யவா?" என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகும் எல்லா இடத்திலும் பிழை வந்தால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அதுவரை குப்பையில் போடாதீர்கள். பாட்டியின் சிரிப்பு உள்ளே பத்திரமாக இருக்கலாம்!