பராமரிப்பு இல்லங்களும் கணினிப் பதிவேடும்



திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் நுழையும்போது அதன் குறிப்பேடும் உடன் வருகின்றது. எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது, எந்நாளில் எத்திசை சென்றது, வழியில் என்ன நேர்ந்தது என்பன யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். மாலுமிகள் மாறலாம், தலைவனும் மாறலாம். ஆயினும் எழுத்தின் தொடர்ச்சி அறுவதில்லை. காவல் மாறும் ஒவ்வொரு வேளையிலும், போகின்றவன் எழுதி வைத்ததைப் படித்த பின்னரே வருகின்றவன் பொறுப்பை ஏற்கின்றான். இரும்பினாலான கப்பலுக்கு நாம் செய்கின்ற இந்த மரியாதையை, நம்மிடையே வாழும் முதியோருக்கும், பெற்றோரை இழந்த சிறுவர்க்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் செய்கின்றோமா? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

எங்கள் பாடசாலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வருவது வழக்கம். அவ்வில்லத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொல்வதால் பயனுமில்லை. அங்கு நடந்தது எங்கும் நடக்கக்கூடியதே. ஒருநாள் அந்தியில், பணி முடித்து வீடு செல்லும் அவசரத்திலிருந்த பணிப்பெண் ஒருத்தி, நீரிழிவு நோயுள்ள மூதாட்டி ஒருவருக்கு மாத்திரையைக் கொடுத்தாள்; கொடுத்ததைக் கொப்பியில் எழுத மறந்தாள். இரவுப் பணிக்கு வந்தவள் கொப்பியைப் பார்த்தாள். கட்டம் வெறுமையாக இருந்தது. மருந்து கொடுபடவில்லை என எண்ணி அவளும் கொடுத்தாள். இருவரும் நல்லவர்களே. இருவரும் தங்கள் கடமையைச் செய்தவர்களே. நள்ளிரவில் அந்த அம்மையாரின் உடல் வியர்த்துக் குளிர்ந்தது, நினைவு தப்பியது.

வைத்தியசாலையில் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்து, குறைந்திருப்பதைக் கண்டு, உடனே குளுக்கோசு ஏற்றினர். ஆனால் வைத்தியர் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்க எவருமில்லை. எந்த மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? எத்தனை மணிக்கு? கொப்பி இல்லத்தில் கிடந்தது. உடன் சென்றவளோ பணியில் சேர்ந்து ஒரு மாதமும் ஆகாதவள். நீரிழிவு மாத்திரைகளுள் சிலவற்றின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும். ஆதலின் இன்ன மாத்திரை என்று தெரியாதவிடத்து, ஒருமுறை சர்க்கரை ஏறிவிட்டது என்று கண்ணயர முடியாது. விடியும்வரை மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தனர். அம்மையார் பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை நாங்கள் சென்றபோது மாணவியரின் கைகளைப் பற்றிக்கொண்டு சிரித்தார். ஒரு வெற்றுக் கட்டம் ஓர் உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்பதை அவர் அறியார், நான் அறிந்தேன்.

இத்தகைய பிழையைத் தடுப்பதற்கென ஏற்பட்டதே கணினிப் பதிவேடு. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. பராமரிப்பாளரின் கையில் ஒரு கைத்தொலைபேசியோ பலகைக் கணினியோ இருக்கும். மருந்து கொடுத்தவுடன் அதைத் தொட்டுப் பதிவார். நேரமும் கொடுத்தவர் பெயரும் தாமே பதிவாகும். கொடுக்கத் தவறினால் அது நினைவூட்டும். கொடுத்த மருந்தை மறுபடி கொடுக்க முயன்றால் எச்சரிக்கும். நேற்று எவ்வளவு உண்டார், எப்போது தண்ணீர் குடித்தார், எந்நாளில் விழுந்தார், எந்த மருந்து உடலுக்கு ஒவ்வாது என்பன எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓட நேர்ந்தாலும் பதிவேடு கூடவே செல்லும். கப்பற் குறிப்பேடு செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கின்றது.

அப்படியாயின் எல்லா இல்லங்களும் இதனை ஏன் கைக்கொள்ளவில்லை? விடை எளிது, பணம் இல்லை. நம் நாட்டின் முதியோர் இல்லங்கள் பல தொண்டு நிறுவனங்களாலும் சமய நிறுவனங்களாலும் நடத்தப்படுகின்றன. நன்கொடையாக வரும் அரிசியையும் பருப்பையும் கொண்டு நாளைக் கழிக்கும் ஓர் இல்லத்திடம் கணினி வாங்கு என்று சொல்வது, பசித்தவனிடம் வெற்றிலைத் தட்டை நீட்டுவது போலாகும். இன்னுமொரு நுட்பத்தையும் நாம் கவனிக்க வேண்டும். கணினிக்குச் செலவு செய்வது இல்லம். ஆனால் பயனிற் பெரும்பகுதி பிறரைச் சேர்கின்றது. நோயாளி வீணாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படாதபோது, மிச்சமாவது அரசின் பணம். செலவு ஓரிடத்திலும் பயன் வேறோரிடத்திலும் விழும்போது, அந்தச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஏற்பதே நியாயம். அரசு உதவ வேண்டும் என்பதற்கு இரக்கம் மட்டுமன்று, கணக்கும் சான்று.

இந்த நியாயத்தைப் பெருமளவில் நடைமுறைப்படுத்திய நாடு இங்கிலாந்து. 2021 டிசம்பரில் அந்நாட்டு அரசு வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புச் சீர்திருத்தம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பராமரிப்புத் துறையில் கணினிமுறையைப் பரப்புவதற்கு மூன்று ஆண்டுகளில் 150 மில்லியன் பவுண் ஒதுக்குவதாக அதில் உறுதி கூறியது. அப்போது அங்கும் பராமரிப்பு நிறுவனங்களுள் ஏறக்குறைய 40 சதவீதமே கணினிப் பதிவேடு வைத்திருந்தன. ஏனையவை நம்மைப் போலவே கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தன. 2024 மார்ச் மாதத்துக்குள் 80 சதவீதத்தை எட்டுவதே நோக்கம். குறித்த தவணையில் அது கைகூடவில்லை. தவணை ஓராண்டு நீட்டப்பட்டது. செல்வம் மிக்க நாட்டுக்கே அத்தனை காலம் பிடித்தது என்பது நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையும் ஆகும்.

அவர்கள் செய்த முறையில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உதவித்தொகை தலைநகரிலிருந்து நேரே வீசப்படவில்லை. அந்தந்தப் பகுதியின் சுகாதார, பராமரிப்பு அமைப்புகளின் வாயிலாக வழங்கப்பட்டது. இரண்டாவது, எந்தக் கணினி முறையை வாங்கலாம் என்பதற்கு, தரம் சோதித்து ஏற்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. இல்லத்து நிருவாகி எவரோ ஒரு வணிகரின் இனிய சொல்லுக்கு மயங்கி ஏமாறாமலிருக்க அஃது ஒரு வேலியாயிற்று.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பிழை. கம்பஹா மாவட்டத்துத் தொம்பே வைத்தியசாலை, 2010களின் தொடக்கத்திலேயே நோயாளர் பதிவுகளைக் கணினியிற் சேர்த்து ஏனைய வைத்தியசாலைகளுக்கு வழிகாட்டியது. சமூக நலத்துறையிலோ, 2016 டிசம்பரில் உலக வங்கி 75 மில்லியன் டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. நலன்புரி உதவி பெறுவோரின் விவரங்களை ஒரே கணினிப் பதிவேட்டில் ஒழுங்குபடுத்துவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம் அத்தகைய பதிவேட்டின்மேல் நிற்பது.

அத்திட்டம் நமக்கு ஒரு பாடத்தையும் தந்தது. பயனாளிகளின் முதற் பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் வாயிலில் தள்ளாத வயதினர் வரிசையில் நின்றதை நாம் யாவரும் கண்டோம். கணினி பொய் சொல்லாது என்பர். ஆம், ஆனால் அதனிடம் பிழையாகச் சொன்னால் அந்தப் பிழையையே அது உறுதியாகத் திருப்பிச் சொல்லும். ஆதலின் எந்தப் பதிவேடாயினும், அதிற் குறிக்கப்பட்டவருக்கு அதைக் கேட்கவும் திருத்தவும் உரிமை இருத்தல் வேண்டும். இல்லையேல் பதிவேடு காவலனாக இராது, வாயிற்காப்போனாக மாறிவிடும்.

திருகோணமலை மாவட்டத்தவராகிய நமக்கு ஏட்டின் அருமை நன்கு தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது மனிதரோடும் மனைகளோடும் ஏடுகளையும் கொண்டு சென்றது. அதற்கு முன்னும் பின்னும், போரினால் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் மக்கள் கையிற் கிடைத்ததோடு ஓடினர். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கிளினிக் கொப்பியும் அவர்கள் கையில் அகப்பட்டவற்றுள் எப்போதும் இருந்தன என்று சொல்ல முடியாது. சான்றிதழ் இழந்த பெற்றோர், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வந்து என் மேசையின் முன் தலைகுனிந்து நின்றதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். தான் இன்னார் என்பதை ஒருவர் கெஞ்சி நிறுவ வேண்டிய நிலையை விட இழிந்தது வேறில்லை. மகாவலி பெருகும் தாழ்நிலங்களில் வாழ்வோருக்கு இந்த அச்சம் ஒவ்வொரு மாரியிலும் உண்டு.

காகிதம் நனையும், உண்மை. ஆனால் கணினியிலுள்ளது நனையாது என்று கவலையற்று இருக்கலாமா? 2023 ஆகஸ்டில் நம் அரசின் மின்னஞ்சற் சேவை தீங்கு நிரல் ஒன்றால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள மின்னஞ்சல்கள் பல, ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரியவை, மீட்க முடியாது அழிந்தன. காரணம், அந்தக் காலத்துக்குரிய பிரதி வேறிடத்திற் காக்கப்படவில்லை. கடல் பொங்காமலே ஓர் ஆழிப்பேரலை. காகிதமோ கணினியோ, பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்காத எதுவும் பாதுகாப்பானதன்று.

ஆகவே, பராமரிப்பு இல்லங்களுக்கென அரசு உதவித்தொகை வழங்கும்போது அது கருவியின் விலையோடு நின்றுவிடலாகாது. நான்கு காரியங்களுக்கு அதிற் பங்கு இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, பயிற்சி. பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை. பாடசாலைகளுக்கு வந்த கணினிகள் பல, பயிற்றுவார் இன்றி உறை நீக்கப்படாமலே பழையனவாகிவிட்டதை என் தொழிலில் நான் கண்டிருக்கின்றேன். பயிலும் நாளில் பணிப்பெண்ணுக்குக் கூலியும், அவள் இடத்தில் வேறொருத்தியும் வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரமும் இணைய இணைப்பும். நகரில் உள்ளது வெருகலில் இராது. புயல் நாளில் நகரிலும் இராது. ஆதலின் இணைப்பு அற்ற வேளையிலும் பதிவை ஏற்று, இணைப்பு வந்ததும் சேர்த்துக்கொள்ளும் முறையே நமக்கு ஏற்றது. மருந்துப் பட்டியலின் காகிதப் பிரதி ஒன்றும் சுவரில் தொங்கட்டும். அது பழைமைவாதமன்று, முன்யோசனை.

மூன்றாவது, மொழி. ஒரே இல்லத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் இது. பதிபவள் தன் மொழியிற் பதிய வேண்டும். படிப்பவர் தம் மொழியிற் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அமைந்த திரையின் முன்னால், அன்பும் அனுபவமும் நிறைந்த பணிப்பெண்ணும் ஊமையாகிவிடுவாள்.

நான்காவது, அந்தரங்கம். ஒருவரின் நோயும் மனத்துயரும் கடந்தகாலமும் பதிவேட்டில் உள்ளன. இவற்றைப் பார்க்கும் உரிமை எவருக்கு, எவ்வளவு என்று வரையறுத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் உண்டு. ஆயினும் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. பூட்டு கதவில் இருப்பது வேறு. போர்க்காலத்திற் பெயர்ப்பட்டியலைக் கண்டு அஞ்சிய மக்கள் நாம். எதற்காகக் கேட்கின்றோம் என்பதை முதியவரிடம் அமர்ந்து விளக்கி, அவர் இசைவைப் பெற்று எழுதுவதே முறை.

இவ்வளவும் எதற்கு, பழைய கொப்பியே போதாதா என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு நாட்டின் குடித்தொகைக் கணக்கே விடை சொல்லும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 2012இல் 7.9 சதவீதமாக இருந்தனர், 2024இல் 12.6 சதவீதமாயினர். பிள்ளைகளோ கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் செல்கின்றனர். தாயின் மாத்திரையை நினைவில் வைத்திருந்த மகள் இன்று அருகில் இல்லை. அந்த நினைவை வேறு எவரோ, வேறு எதுவோ ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

கணினி அன்பு செய்யாது, நேயர்களே. நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை அதற்கில்லை. ஆனால் எழுதும் நேரத்தை அது குறைத்தால், மிஞ்சும் நேரத்தில் ஒரு பணிப்பெண் முதியவரின் அருகே அமர்ந்து அவர் பழங்கதையைக் கேட்கலாம். அரசு தரும் பணம் வீணாயிற்றா, பயன்பட்டதா என்பதை அளக்க அதுவே சரியான அளவுகோல். இல்லத்தில் எத்தனை கணினிகள் உள்ளன என்று கேட்பதை விடுத்து, நள்ளிரவில் வைத்தியர் கேட்கும் கேள்விக்கு அங்கு விடை உண்டா என்று கேட்போம்.