எடை குறைந்தால் கம்பெனிக்கு லாபமா?

அமெரிக்காவில் 15 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகத்தான் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவும் பில் சரிபார்க்கும் வேலையை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் விட்டுவிட்டு, ஊழியர்களின் ஆஸ்பத்திரிச் செலவைத் தங்கள் கையிலிருந்தே கட்டுகின்றன. ஊழியரின் எடை அங்கே கம்பெனிக் கணக்குக்குள் வந்தது இப்படித்தான். உடல் பருமன் உள்ளவருக்கு ஆண்டுக்கு 1,429 டாலர், அதாவது 42 சதவீதம் கூடுதலாகச் செலவாகிறது என்று 2009-ல் எரிக் ஃபிங்கெல்ஸ்டீன் குழு கணக்கிட்டது. மறு ஆண்டு கேத்தரின் பைக்கர், டேவிட் கட்லர், ஜிருய் சாங் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஊழியர் உடல்நலத் திட்டத்தில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் சுமார் 3.27 டாலரும், விடுப்பால் வரும் நஷ்டத்தில் 2.73 டாலரும் மிச்சமாகின்றன என்றது அவர்கள் கட்டுரை. அதே 2010-ல் வந்த ஒபாமாவின் சுகாதாரச் சட்டம், எடை போன்ற உடல்நல இலக்குகளை எட்டுவோருக்கும் எட்டாதோருக்கும் இடையே காப்பீட்டுச் செலவில் 30 சதவீதம் வரை வித்தியாசம் வைக்க முதலாளிகளை அனுமதித்தது.

இந்த லாபக் கணக்கு அடியிலேயே ஆட்டம் காண்கிறது என்பதுதான் என் வாதம். முதலில் அந்த 1,429 டாலர். அது பருமனானவருக்கும் ஆகாதவருக்கும் இடையே உள்ள வித்தியாசம். பருமனானவர் இளைத்தால் மிச்சமாகும் தொகை என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. இருபது ஆண்டு கூடுதல் எடையைச் சுமந்து தேய்ந்த முழங்கால், பத்துக் கிலோ குறைந்ததும் பழையபடி ஆகிவிடாது. ஏற்கெனவே வந்துவிட்ட சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை தொடரத்தான் வேண்டும். குறைந்த வருமானம், தூக்கம் கெடுக்கும் ஷிப்ட் வேலை, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை எடையையும் ஏற்றுகின்றன, நோயையும் கூட்டுகின்றன. இளைத்தாலும் அவை அப்படியே இருக்கும்.

இதைவிடப் பெரிய பிழை ஒப்பீட்டில் இருக்கிறது. பழைய ஆய்வுகள் பலவும் திட்டத்தில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் மூவரும் 2016-ல் 4,834 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் திட்டத்துக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் யார் சேர்ந்தார்கள் என்று பார்த்தபோது விஷயம் விளங்கியது. திட்டம் தொடங்கும் முன்பே மருத்துவச் செலவு குறைவாகவும் உடல்நலம் நன்றாகவும் இருந்தவர்களே அதிகம் சேர்ந்திருந்தார்கள். அதே தரவை அவர்கள் இரண்டு விதமாக அலசினார்கள். சேர்ந்தவர், சேராதவர் என்று பழைய பாணியில் ஒப்பிட்டால் பெரிய மிச்சம் தெரிந்தது. குலுக்கலில் வந்த பிரிவுகளை ஒப்பிட்டால் அது காணாமல் போனது. பல்கலைக்கழக ஜிம்முக்கு எத்தனை முறை போனார்கள், ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஓடினார்களா என்றுகூட எண்ணிப் பார்த்தார்கள், அதிலும் மாற்றமில்லை. உடற்பரிசோதனை செய்துகொண்டவர்கள் மட்டும் கூடியிருந்தார்கள், நிர்வாகம் நம் நலத்தில் அக்கறை காட்டுகிறது என்று நினைத்தவர்களும் கூடியிருந்தார்கள்.

2010 கட்டுரையை எழுதிய சாங்கும் பைக்கரும் தங்கள் முடிவையே மறுபடி சோதனைக்கு உட்படுத்தினார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைத்தொடரின் 160 கிளைகளில் 20 கிளைகளைக் குலுக்கித் தேர்ந்து, அங்கே உணவியல் நிபுணர்களைக் கொண்டு எட்டுப் பாடங்கள் நடத்தச் செய்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, எடையைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் அந்தக் கிளைகளில் 69.2 சதவீதம், மற்றக் கிளைகளில் 54.7 சதவீதம். வாய்ச்சொல்லில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், பி.எம்.ஐ., ரத்த அழுத்தம், கொழுப்பு, விடுப்பு நாட்கள், மருத்துவச் செலவு எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஒன்றரை ஆண்டு போதாது, உடல் மாறக் காலம் பிடிக்கும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பிஜேஸ் முடிவு மாறவில்லை. பணம் போதவில்லை, ஊக்கத்தொகை தந்தால் இளைப்பார்கள் என்பது அடுத்த வாதம். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் பருமனான 197 ஊழியர்களைக் கொண்டு அதையும் சோதித்தார்கள். ஐந்து சதவீத எடை குறைத்தால் பிரீமியத்தில் 550 டாலர் தள்ளுபடி. சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. சம்பளச் சீட்டுதோறும் சிறு தொகையாகப் பிரிந்து வரும் தள்ளுபடி யார் கண்ணில் படும்?

எடை குறைப்பதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், ஏழு சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. தனித்தனி ஆலோசகர், தொடர்ந்த சந்திப்பு என்று செலவு பிடித்த ஏற்பாடு அது. அதன் பலன் பத்து, இருபது ஆண்டு கழித்து வருவது. அமெரிக்க ஊழியர் ஒரே கம்பெனியில் நீடிப்பதோ இடைமதிப்பாகச் சுமார் நான்கு ஆண்டுகள். 65 வயதாகி ஓய்வு பெற்றதும் செலவு அரசின் மெடிகேர் காப்பீட்டின் தலையில் விழுகிறது. போட்ட பணம் ஒருவருடையது, பலன் வேறொருவருக்கு.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டனவே என்பார்கள். செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைக்கிறது. மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் வெகோவி என்ற பெயரில் அது 2021-ல் வந்தபோது பட்டியல் விலை மாதம் 1,349 டாலர். ஃபிங்கெல்ஸ்டீன் சொன்ன ஓராண்டுக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒரு மாத மருந்துக்கே சரியாகிவிடும்! விலைவாசி ஏற்றத்துக்காக அந்தத் தொகையை இரட்டிப்பாக்கி, மருந்து விலையைத் தள்ளுபடியில் பாதியாக்கினாலும் கணக்கு நேராகாது. ஊசியை நிறுத்தினாலோ, ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. வட கரோலினா மாநில அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம் 2024 ஏப்ரலில் எடைக்கான இந்த மருந்துகளுக்குப் பணம் தருவதையே நிறுத்திக்கொண்டது.

மிச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு பெப்சிகோ கம்பெனி ஊழியர்களைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகிறது. ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிரிவு, டாலருக்கு 3.80 டாலர் திருப்பித் தந்தது. உணவு, எடை, உடற்பயிற்சி பற்றிய பிரிவு தந்தது 50 சென்ட். ஆகவே ஆஸ்துமாக்காரருக்கும் இதய நோயாளிக்கும் மருந்து தவறாமல் கிடைக்கச் செய்யும் செவிலியருக்குக் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கட்டும். கேன்டீன் சாப்பாட்டையும் ஷிப்ட் நேரத்தையும் திருத்தட்டும், லாபம் எதிர்பார்க்காமல். எடையைக் காட்டிப் பிரீமியத்தில் கைவைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். 2024-ல் தனிநபர் பிரீமியம் ஆண்டுக்குச் சராசரி 8,951 டாலர். அதில் 30 சதவீதம் என்றால் சுமார் 2,685 டாலர். இலக்கை எட்டாதவருக்கு மாற்று வழி ஒன்றைத் தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதை முடிக்க நேரமும் தெம்பும் இல்லாதவர் இந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து இழப்பார். எடை அப்படியே இருக்க, கம்பெனிக்கு நிச்சயமாக மிச்சமாகக்கூடிய பணம் அது ஒன்றுதான்.