நான் போடாத கையெழுத்து

மருதானையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலில் போனால் ஒரு நாவலில் ஓர் அத்தியாயம் முடிக்கலாம். கோட்டையில் பாதிச் சனம் இறங்கும். கடல் பக்க ஜன்னல் கிடைக்கும். துணிக்கடையொன்றில் கணக்கெழுதப் போய்வந்த பத்தொன்பது வருடமும் நான் வாசித்ததெல்லாம் அந்த ஜன்னலோரம்தான்.

என் நிக்காஹ் 1986இல் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. மணமகளின் பொறுப்பாளரான வொலியாக வாப்பா கையெழுத்துப் போட்டார், மாப்பிள்ளை போட்டார், சாட்சிகள் போட்டார்கள். உள்ளறைக் கட்டிலில் இருந்த எனக்கு அந்தப் பதிவேட்டின் நிறம்கூடத் தெரியாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. "காவின் எழுதி முடிஞ்சிட்டு மகள்" என்று உம்மா வந்து சொன்னார்.

அதனாலோ என்னவோ, பெண்கள் எழுதிய நாவல்களில், கதையில் வரும் பெண்ணிடம் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்காமலே முடித்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வந்தது. ஈழத்தில் ஒரு தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவல் என்பார்கள். தலைப்பு வேதாகமச் சங்கீதத்தில் வரும் சொல். கண்மணி தன் கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்தே உருக்குலைகிறாள். அந்தப் பொறுமை எனக்குக் கோபமூட்டியது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதை அச்சிலேற்றித் தன் பெயரையும் போட, அந்தக் காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வாசிக்கத் தெரியாத உம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், "அவட கையில ஒரு சதம் சரி இருந்திச்சா?" என்றார். நான் வாசித்த விமர்சனம் எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

அந்தச் சதம் என் கைக்கு வந்தது, கணவர் படுக்கையில் விழுந்த பிறகு. முதல் சம்பளத்தன்று முத்திரையின் மேல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை நடுங்கி, கடைசி எழுத்து முத்திரைக்கு வெளியே போய்விட்டது.

ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் லண்டனில் இருந்து எழுதிய 'தில்லையாற்றங்கரை'யில் கிழக்கிலங்கைக் கிராமத்துப் பெண்பிள்ளைகள். பெரியபிள்ளையானதும் படிப்பா கலியாணமா என்ற கேள்வி அவர்களைச் சுற்றிக்கொள்கிறது.

இறங்குமிடத்தையே தவறவிட வைத்தது ஷர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்'. தெஹிவளையில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஏறாவூரில் பிறந்தவர் அவர். நாவலில் வரும் யோகாவும் தெய்வானையும் ஆயுத இயக்கத்திலிருந்து போர் தின்ற உடம்போடு திரும்பியவர்கள். அவர்களுக்குத் துணை நிற்கும் தவக்குல் முஸ்லிம் பெண். அவள் போகிற வருகிற இடமெல்லாம் ஊருக்குக் கணக்கு. உம்மத் என்றால் சமூகம், தவக்குல் என்றால் இறைவன்மேல் பாரத்தைப் போடுதல். ஒன்று மற்றதை நெருக்கும் கதை. 2012இல் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியால் ஷர்மிளாவே மிரட்டல்களுக்கு ஆளாகி நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது. இதை நினைக்காமல் என்னால் அந்த நாவலைத் திறக்க முடிவதில்லை.

என் மகளின் காவினுக்கு முன்னறையில் நானும் இருந்தேன். மகளும் போடட்டும் என்றேன். "இதில இடமில்லையே தாத்தா" என்றார் பதிவுகாரர். ஓரத்து வெள்ளையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேனாவை நீட்டினார்.