எலும்பு முறிவு: கட்டுக்குக் கீழே கவனிக்க வேண்டியவை

எலும்பு எங்கே முறிந்தது, எத்தனை துண்டாயிற்று, எந்தப் பக்கம் விலகியது என்பதை எக்ஸ்ரே காட்டும். முறிவுக்குக் கீழே இரத்தம் ஓடுகிறதா, நரம்பு வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது. அதை நோயாளியின் விரல்களைத் தொட்டும் அழுத்தியும் அசைக்கச் சொல்லியும்தான் அறிய முடியும். முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். பெரியவர்களுக்கு முன்கையில் சில வாரங்களும் கீழ்க்காலில் சில மாதங்களும் ஆகலாம். ஆனால் இரத்த ஓட்டம் நின்ற தசை சில மணி நேரத்தில் செத்துவிடும். எலும்பு முறிவில் கையோ காலோ பறிபோகும் சம்பவங்கள் பலவற்றில் காரணம் இதுதான். இதைக் கண்காணிக்கும் பொறுப்பு வார்டில் இரவும் பகலும் இருக்கும் செவிலியருடையது. அந்தக் கண்காணிப்பைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

விபத்து நடந்த இடத்தில் செய்யக்கூடியவை சிலவே. வளைந்திருக்கும் கைகாலை இழுத்து நேராக்கக் கூடாது. முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாதபடி, கிடைத்த பலகையையோ மடித்த அட்டையையோ சிம்பாக வைத்துக் கட்டினால் போதும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூட வேண்டும்; எலும்பை உள்ளே தள்ளுவது கிருமியையும் சேர்த்து உள்ளே தள்ளுவதாகும். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடோ காபியோ தரக் கூடாது. அவசரத்தில் மறந்துபோவது ஒன்று உண்டு: மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு. வீக்கம் ஏறுவதற்கு முன் கழற்றாவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் விரல் கறுத்துப் போகவும் கூடும்.

மருத்துவமனைக்கு வந்ததும் செவிலியர் முதலில் முறிந்த இடத்தைப் பார்ப்பதில்லை. மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்க்கிறார். உறவினர்களுக்கு இது அலட்சியமாகத் தோன்றுவதுண்டு. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு துளி சிந்தாமலே தொடைக்குள் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் கசியலாம். இடுப்புக்கூடு நொறுங்கினால் அதைவிட அதிகம். ஆகவே அந்த வரிசைதான் சரி. தோல் கிழிந்த முறிவானால் டெட்டனஸ் தடுப்பூசியும், கூடுமானவரை ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தும் தொடங்கப்பட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பணம் கட்டவில்லை, போலீஸ் வரவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பது அரசு, தனியார் என்ற பேதமின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நடைமுறைகளுக்காகக் காத்திராமல் சிகிச்சை தரச் சொல்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரை, அவர் விரும்பாதபோது, பெயரையோ முகவரியையோ சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

செலவுக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தர 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ தொடங்கப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே சாலை விபத்து என்று சொல்வதும், சேர்க்கும்போது எந்தத் திட்டத்தின் கீழ் என்று கேட்பதும் நல்லது. விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது எல்லோரும் சொல்லும் ‘ஏ.ஆர். காப்பி’யை, அப்போதே கேட்டு வைக்க வேண்டும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும்போது முதலில் கேட்கப்படும் தாள்களில் அதுவும் ஒன்று. அந்த மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு.

வார்டில் செவிலியர் செய்ய வேண்டிய பரிசோதனை எளிதானது. கருவி எதுவும் வேண்டாம். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து கட்டுப் போட்ட ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ விழுந்து வரும் குழந்தைகளுக்கு அடிக்கடி ஏற்படும் முறிவு இது. கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. செவிலியர் இரண்டு கையின் விரல்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுகிறார். நகத்தை அழுத்தி விடுகிறார். வெளுத்த நகம் ஏறத்தாழ 2 விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். கறுத்த தோலில் நிற மாற்றம் சட்டென்று தெரியாது என்பதால் நகத்தைப் பார்ப்பதே உறுதி. மணிக்கட்டில் நாடி பார்க்கிறார். பிறகு, “கண்ணு, கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டு” என்கிறார். அடுத்து கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் தொட வட்டம் போடச் சொல்கிறார். பிறகு எல்லா விரலையும் அகல விரிக்கச் சொல்கிறார். பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும் இந்த மூன்று அசைவுகளும் கைக்குச் செல்லும் மூன்று நரம்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பவை. காலில் இதே வேலையைப் பெருவிரல் செய்கிறது: மேலே தூக்க முடிய வேண்டும், கீழே அழுத்தவும் முடிய வேண்டும். இரு விரல்களுக்கு இடைப்பட்ட தோலில் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்பதும் கேட்கப்பட வேண்டும். முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், நிலைமை சீரான பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது பரவலான வழக்கம். பார்த்த நேரத்தோடும் கையெழுத்தோடும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

இத்தனை முறை ஏன் பார்க்க வேண்டும்? தசைக் கட்டுகளைச் சுற்றி விரிந்து கொடுக்காத உறைகள் உண்டு. முறிவால் உள்ளே இரத்தமும் நீரும் சேர்ந்து வீங்கும்போது உறை விரியாது. உள்ளழுத்தம் ஏறி நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் இது நீடித்தால் தசைக்கும் நரம்புக்கும் மீளாத சேதம் தொடங்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே, இறுகக் கட்டிய கட்டுக்குப் பின் விரல்கள் கொக்கிபோல் மடங்கி நிலைத்துவிடும் ஊனத்தை விவரித்திருக்கிறார். அது இன்றும் வருவதுதான் வருத்தம்.

தசை உறைக்குள் அழுத்தம் ஏறுவதன் முதல் அறிகுறி வலி. முறிவுக்குரிய வலியைவிட மிஞ்சிய வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, யாராவது விரலை மெல்ல நீட்டினாலே அலற வைக்கும் வலி. மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் அடுத்து வரும். விரல் வெளுப்பதும் சில்லிடுவதும் அசையாமல் போவதும் காலம் கடந்தபின் தெரிபவை. நாடி துடிக்கிறதே, பயமில்லை என்று சொல்வது பெரிய தவறு. பெரிய இரத்தக்குழாயில் துடிப்பு கடைசி வரை இருக்கலாம். சிறு குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஓயாத அழுகையும், படபடப்பும், வலி மருந்து மேலும் மேலும் தேவைப்படுவதும்தான் அதன் மொழி. கையையோ காலையோ மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால் வலி என்ற இந்த எச்சரிக்கையே கேட்காமல் போகக்கூடும். அத்தகைய நோயாளியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தவுடன் கட்டைத் தோல் தெரியும் வரை முழு நீளத்துக்கும் பிளந்து தளர்த்த வேண்டும். உள்ளே உள்ள பஞ்சையும் வெட்ட வேண்டும். கையையோ காலையோ இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். அதைவிட உயர்த்தினால் இரத்தம் போவது மேலும் குறையும். சாதாரண வீக்கத்துக்கு உயர்த்தி வைக்கச் சொல்வதால் இங்கே குழப்பம் நேர்கிறது. தளர்த்தியும் வலி குறையாவிட்டால் தசை உறையைக் கீறித் திறக்கும் அவசர அறுவை சிகிச்சைதான் வழி. “காலையில் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார்” என்ற பதிலை இந்த ஒரு விஷயத்தில் ஏற்கக் கூடாது. டூட்டி டாக்டரை உடனே அழைக்கும்படி கேட்டு, கேட்ட நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

மாவுக்கட்டு சில நிமிடங்களில் இறுகினாலும் முழுக்கக் காய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். ஈரக் கட்டை உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். விரல் நுனி அழுந்திய குழி உள்ளே புண்ணாக மாறும். போர்வையால் மூடக் கூடாது. அரிக்கிறது என்று ஸ்கேலோ பின்னல் ஊசியோ விட்டுச் சொறிந்தால் தோல் கிழிந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். கட்டிலிருந்து நாற்றம் வந்தாலும், ஓரிடம் மட்டும் சுட்டாலும், கறை படர்ந்தாலும் மறுசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது இந்த அறிகுறிகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வெறும் ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ போதாது.

நாட்டுக் கட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புத்தூர்க் கட்டுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆந்திர எல்லை தாண்டிப் போவோர் பலர். விலகாத எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடலாம், கூட்டுவது உடம்புதான். அபாயம் இருப்பது மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டி, விரலைப் பார்க்க ஆளில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதில். எங்கே கட்டினாலும் மேலே சொன்ன விரல் சோதனை பொருந்தும். தோல் கிழிந்த முறிவுக்கும், குழந்தையின் முழங்கை முறிவுக்கும் நாட்டுக் கட்டு வேண்டவே வேண்டாம்.

எடை கட்டி இழுத்துப் போட்டிருக்கும் காலில், எடை தரையிலோ கட்டிலிலோ முட்டாமல் தொங்க வேண்டும். துப்புரவுக்காகக்கூட உறவினர் அதைத் தூக்கக் கூடாது. தொடை எலும்பு முறிந்தவருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் திடீரென மூச்சுத் திணறலும் மனக் குழப்பமும், மார்பிலும் அக்குளிலும் சிறு செம்புள்ளிகளும் தோன்றினால், எலும்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். உடனே ஆக்சிஜன் தேவை. இடுப்பு முறிந்த முதியவருக்கு எதிரி படுக்கைதான். நிமோனியா, கால் இரத்தக்கட்டி, படுக்கைப் புண் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. உடல்நிலை இடம் கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை, மறுநாளே எழுந்து உட்காரவும் நிற்கவும் வைப்பது என்பதே இன்றைய முறை. படுத்திருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குதிகாலை மறக்கக் கூடாது.

பிளேட் வைப்பதா, ராடு போடுவதா, வெறும் மாவுக்கட்டே போதுமா என்பதைச் சாதக பாதகங்களோடு கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது இதைத்தான். தனக்கு ஊசி போடுபவரின் தகுதியைக் கேட்கவும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும், மருந்தை விரும்பிய கடையில் வாங்கவும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் நோயாளி உரிமைப் பட்டயம் இடமளிக்கிறது. பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது. உள்ளே வைத்த பிளேட்டின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பின்னாளில் அதை அகற்ற நேர்ந்தால் உதவும்.

கெடுதல் நேர்ந்துவிட்டால் முதல் வேலை கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேட்பது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு காக்கவும் வேண்டும். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் விரல் சோதித்த பதிவே இல்லை என்றால் அந்த வெற்றிடம் முக்கியமான சான்று. செவிலியரின் கவனக்குறைவுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்பது 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உறுதியானது. அதே சமயம், சரியான கவனிப்பையும் மீறி எலும்பு கோணலாகக் கூடினால் அது தானாகக் குற்றமாகிவிடாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்குத் தீர்ப்பின்படி, கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் காட்டப்பட வேண்டும். பெரும்பாலோருக்கு ஏற்ற வழி நுகர்வோர் ஆணையம்தான். 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய கட்டணம் ரூ.5 லட்சம் வரையானால் மனுவுக்குக் கட்டணமில்லை; வழக்கறிஞர் கட்டாயமில்லை. வேறொரு எலும்பு மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து கிடைத்தால் வழக்கு வலுக்கும்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 1995-இல் சாந்தா வழக்கில் தீர்ப்பானது. அங்கே டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ புகார், 104-இல் பதிவு, மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஆகியவையே வழிகள். தனியார் மருத்துவமனையின் வசதிக் குறைகளை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தையைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும், செவிலியரின் நடத்தையைச் செவிலியர் கவுன்சிலிடமும் சொல்லலாம். பதிவுகளைத் தர மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் மீண்டும் கேட்க வேண்டும்; மறுப்பதையே சேவைக் குறைபாடாக நுகர்வோர் ஆணையங்கள் எடுத்துக்கொண்டது உண்டு.