ஸ்டார்பக்ஸ் எந்தக் கட்சி? ஒரு காபிக் கடைக்கு அரசியல் முத்திரை விழுந்த கதை

2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கடைகளில் ஒரு புதினா டீ திடீரென அரசியல் பானமாக மாறியது. வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவருக்குப் பிடித்ததாகச் சொல்லப்பட்ட அந்த டீயை ஆதரவாளர்கள் அவர் பெயரிலேயே ஆர்டர் செய்தார்கள். வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டுக் கோப்பையில் எழுதுவது ஸ்டார்பக்ஸ் வழக்கம். ஒரு கடையில், அரசியல் பெயரை எழுத முடியாது என்று மறுத்துவிட்டதாக ஒரு வீடியோ பரவியது. "பார்த்தீங்களா, இது அவங்க கடைதான்னு அப்பவே சொன்னோமே!" என்ற குரல்கள் சமூக வலைதளங்களில் எழுந்தன.

பெயர் எழுதும் இடத்தில் அரசியல் கோஷங்களை எழுதச் சொல்வதைத்தான் அனுமதிப்பதில்லை. சார்லி கிர்க் என்ற பெயரை எழுதத் தடையில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. ஆனால், விளக்கத்தைப் படிக்க யார் காத்திருந்தார்கள்? 'அவங்க கடை' என்ற முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

காபி விற்கும் ஒரு கம்பெனிக்குக் கட்சி முத்திரை எப்படி விழுகிறது? கட்சிக்குக் கொடுத்த நன்கொடையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அமெரிக்காவில் கம்பெனிகள் தங்கள் கஜானாவிலிருந்து நாடாளுமன்ற, அதிபர் வேட்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க 1907-லேயே தடை வந்துவிட்டது. ஸ்டார்பக்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஹோவர்ட் ஷூல்ட்ஸ் தனிப்பட்ட முறையில் ஜனநாயகக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர் என்பது உண்மை. ஆனால் அதே ஷூல்ட்ஸ்தான் 2011-ல், அரசின் கடன் வரம்புச் சண்டையில் வெறுத்துப்போய், "இரண்டு கட்சிக்கும் பணம் கொடுக்காதீர்கள்" என்று மற்ற கம்பெனித் தலைவர்களிடம் கேட்டுக்கொண்டார். ஆக, முத்திரை வந்த வழி வேறு.

கடைக்கு முன்னால் வந்த 'லாட்டே'

2004 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் ஹோவர்ட் டீன் முன்னணியில் இருந்தார். அவரைத் தாக்கி, 'கிளப் ஃபார் குரோத்' என்ற வலதுசாரி அமைப்பு அயோவா மாநிலத்தில் ஒரு டிவி விளம்பரம் வெளியிட்டது. டீனின் ஆதரவாளர்கள் லாட்டே குடிப்பவர்கள், சூஷி சாப்பிடுபவர்கள், வால்வோ கார் ஓட்டுபவர்கள் என்று அதில் அடுக்கினார்கள். எந்தக் கொள்கையைப் பற்றியும் அதிகம் பேசாமல், 'இவங்க நம்ம ஆளுங்க இல்ல' என்பதை மட்டும் பதிய வைக்கும் உத்தி இது. பாலும் எஸ்பிரெஸ்ஸோவும் கலந்த ஒரு பானம், மேட்டுக்குடி முற்போக்காளரின் அடையாள அட்டையானது.

ஸ்டார்பக்ஸ் 1971-ல் பிறந்த ஊர் சியாட்டில், ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கடைகளும் பெருநகரம், விமான நிலையம், பல்கலைக்கழக வட்டாரம் என்று பெருகின. நகரங்களில் ஜனநாயகக் கட்சிக்கும் கிராமப்புறங்களில் குடியரசுக் கட்சிக்கும் வாக்கு விழும் பிளவு ஆழமாக ஆழமாக, கடை இருக்கும் இடமே கட்சியைச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. ஸ்டார்பக்ஸ் இதில் எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வருகிறவர்களின் முகம்தான் கடையின் முகம்.

துப்பாக்கிக்காரர்களின் செல்லக் கடை

ஆனாலும் முத்திரை அந்தப் பக்கம்தான் விழும் என்று ஆரம்பத்தில் நிச்சயமில்லை. இன்று பலருக்கும் மறந்துபோன ஒரு அத்தியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். 2010 வாக்கில் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் அப்படியே ஸ்டார்பக்ஸுக்கு வந்து காபி குடித்தார்கள். தடை செய்யுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 'உள்ளூர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதைப் பின்பற்றுகிறோம்' என்றது நிறுவனம். நடுநிலையாக இருக்க நினைத்துச் சொன்ன பதில்தான். ஆனால் துப்பாக்கிக்காரர்கள் அதைத் தங்களுக்கான ஆதரவாகவே எடுத்துக்கொண்டார்கள். 'ஸ்டார்பக்ஸுக்கு நன்றி சொல்லும் நாள்' என்றே ஒரு நாளைக் கொண்டாடினார்கள். கடையின் தேவதைச் சின்னத்தின் கையில் துப்பாக்கிகளைக் கொடுத்துப் படம் போட்டார்கள்.

2013 ஆகஸ்டில் அந்தக் கொண்டாட்டம் நியூடவுன் ஊரின் கடைக்கும் வந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பு சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் அது. அன்று அந்தக் கடை முன்கூட்டியே மூடப்பட்டது. அடுத்த மாதம் ஷூல்ட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார்: தயவுசெய்து துப்பாக்கியோடு வராதீர்கள். தடை அல்ல, வேண்டுகோள் மட்டுமே. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. கொண்டாடியவர்கள் 'துரோகம்' என்றார்கள். 'இவ்வளவுதானா?' என்றார்கள் எதிர்த்தரப்பில் சிலர்.

இதே காலத்தில்தான் ஒருபால் திருமண விவகாரமும் நடந்தது. 2012-ல் வாஷிங்டன் மாநிலம் கொண்டுவந்த திருமணச் சட்டத்தை ஸ்டார்பக்ஸ் வெளிப்படையாக ஆதரித்தது. எதிர்ப்பாளர்கள் புறக்கணிப்பு அறிவித்தார்கள். 2013 பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இதனால் வியாபாரம் அடிபட்டது என்றார். கடந்த ஆண்டு 38% லாபம் கிடைத்திருக்கிறது, இதைவிட நல்ல முதலீடு இருந்தால் பங்கை விற்றுவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்ற பொருளில் பதில் சொன்னார் ஷூல்ட்ஸ். அரங்கில் கைதட்டல். இந்த ஒரு விஷயத்தில் நிறுவனம் தெரிந்தே பக்கம் எடுத்தது, மறைக்கவும் இல்லை.

கடையே பேசினால்?

தமிழ்நாட்டு டீக்கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற போர்டு இன்றும் கண்ணில் படும். ஷூல்ட்ஸ் நேரெதிர். வீடு, அலுவலகம் தவிர மனிதருக்கு ஒரு 'மூன்றாவது இடம்' வேண்டும், மக்கள் உட்கார்ந்து பேசும் இடம் வேண்டும் என்று சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் எழுதிய கருத்தைத் தன் கடையின் தத்துவமாகவே ஆக்கிக்கொண்டவர் அவர். வாடிக்கையாளர் பேசுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, கடையே பேசத் தொடங்கியது. 2015 மார்ச்சில், கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், 'ரேஸ் டுகெதர்' என்று கோப்பைகளில் எழுதிக் கொடுத்து, இனப்பாகுபாடு பற்றி வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுக்குமாறு ஊழியர்களிடம் சொல்லப்பட்டது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவனிடம், மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் இளைஞர் நானூறு ஆண்டு இனச் சிக்கலைப் பேச வேண்டுமாம். இடது, வலது என்று பேதமில்லாமல் எல்லோரும் கிண்டலடித்தார்கள். ஒரு வாரத்திற்குள் கோப்பையில் எழுதுவது நிறுத்தப்பட்டது. ஆனால் 'இந்தக் கடைக்கு ஒரு கருத்து இருக்கிறது' என்பது மட்டும் எல்லார் மனதிலும் தங்கிவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் வந்தது சிவப்புக் கோப்பை. ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்டார்பக்ஸ் சிவப்புக் கோப்பைக்கு மாறும். அதில் பனித்துகள், கலைமான் என்று ஏதாவது படம் இருக்கும். 2015-ல் படம் எதுவும் இல்லாமல் வெறும் சிவப்பு. உடனே ஒரு மதப் பிரசாரகர், இவர்கள் கிறிஸ்துமஸையே ஒழித்துவிட்டார்கள் என்று வீடியோ போட்டார். 'உங்கள் பெயர் மெரி கிறிஸ்துமஸ் என்று சொல்லுங்கள், அவர்கள் அதை எழுதித்தானே ஆக வேண்டும்' என்று யோசனையும் சொன்னார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அப்போது குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த டொனால்ட் ட்ரம்ப், இல்லினாய் மாநிலக் கூட்டத்தில், ஸ்டார்பக்ஸைப் புறக்கணிக்கலாமோ என்று கேட்டார். அவருடைய ட்ரம்ப் டவரிலேயே ஒரு ஸ்டார்பக்ஸ் வாடகைக்கு இருந்தது!

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். துப்பாக்கி விவகாரத்தில் நிறுவனம் ஒரு மடல் எழுதியது. திருமணச் சட்டத்தில் நிலைப்பாடு எடுத்தது. சிவப்புக் கோப்பையிலோ எதுவுமே சொல்லவில்லை. படம் வரையாததுதான் செய்த குற்றம். முத்திரை விழுந்த பிறகு வாயைத் திறந்தாலும் குத்தம், திறக்காவிட்டாலும் குத்தம்.

அகதிகளும் முன்னாள் ராணுவத்தினரும்

2016 செப்டம்பரில், தலைமைச் செயல் அதிகாரி பதவியில் இருக்கும்போதே ஷூல்ட்ஸ் ஹிலாரி கிளின்டனை ஆதரித்தார். ட்ரம்ப் ஜெயித்ததும், அவர் ஆதரவாளர்கள் கவுன்டரில் 'என் பெயர் ட்ரம்ப்' என்று சொல்லி ஊழியரைச் சத்தமாகக் கூப்பிட வைத்தார்கள். காசு கொடுத்துக் காபி வாங்கி நடத்திய எதிர்ப்பு அது.

2017 ஜனவரி 27-ல் ஏழு நாட்டினர் அமெரிக்காவுக்குள் நுழைய ட்ரம்ப் தடை விதித்தார். இரண்டே நாளில், உலகெங்கும் ஐந்து ஆண்டுகளில் 10,000 அகதிகளுக்கு வேலை கொடுப்போம் என்று ஷூல்ட்ஸ் அறிவித்தார். 'முதல்ல நம்ம ராணுவ வீரர்களுக்கு வேலை கொடு' என்று கோபம் வெடித்தது. முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்களின் கணவன், மனைவிமாருக்கும் 10,000 வேலை என்று 2013-லேயே இதே நிறுவனம் அறிவித்துச் செயல்படுத்தியும் வந்தது. எண்ணிக்கைகூட ஒன்றுதான். முத்திரைக்குப் பொருந்தாத செய்தி யார் நினைவிலும் நிற்கவில்லை.

அந்தக் கோபத்தில் வியாபாரத்தைக் கண்டுகொண்டவர்களும் உண்டு. முன்னாள் சிறப்புப் படை வீரர் இவான் ஹேஃபர் 2014-ல் தொடங்கிய 'பிளாக் ரைஃபிள் காபி', நாங்கள் 10,000 முன்னாள் ராணுவத்தினரை வேலைக்கு எடுப்போம் என்று பதிலடி கொடுத்தது. பழமைவாதிகளின் காபி என்ற பெயர் கிடைத்தது. ஆனால் 2020-ல் கெனோஷா துப்பாக்கிச்சூட்டு வழக்கில் ஜாமீனில் வெளிவந்த ஒரு பதின்பருவ இளைஞர் அந்த கம்பெனியின் டி-ஷர்ட்டோடு படத்தில் தெரிந்தபோது, 'அவருக்கு நாங்கள் ஸ்பான்சர் இல்லை' என்று நிறுவனம் விலகியது. அவ்வளவுதான், அதே பழமைவாதிகள் பிளாக் ரைஃபிளையும் புறக்கணிக்கக் கிளம்பினார்கள். முத்திரையை விரும்பிக் குத்திக்கொண்டவருக்கும் அது கட்டுப்படவில்லை.

இந்தியாவிலும் ஒரு சுற்று நடந்தது. டாடாவோடு சேர்ந்து 2012 முதல் இங்கே கடை நடத்தும் ஸ்டார்பக்ஸ், 2023 மே மாதம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. திருநங்கையாக மாறிய மகளை அப்பா ஏற்றுக்கொள்வதை, கோப்பைக்குக் கொடுக்கும் பெயர் வழியாகச் சொன்ன விளம்பரம். பாராட்டும் வந்தது, புறக்கணிப்பு ஹேஷ்டேகும் வந்தது.

இரண்டு பக்கமும் அடி

2019 தொடக்கத்தில், நிறுவனத்தை விட்டு விலகியிருந்த ஷூல்ட்ஸ், கட்சி சாராத வேட்பாளராக அதிபர் தேர்தலில் நிற்க யோசிப்பதாகச் சொன்னார். ட்ரம்ப் எதிர்ப்பு வாக்குகள் பிரிந்துவிடும் என்று கொதித்தது ஜனநாயகக் கட்சி தரப்பு. இப்போது புறக்கணிப்பு மிரட்டல் அங்கிருந்து வந்தது. சில மாதங்களில் அவர் எண்ணத்தைக் கைவிட்டார்.

2021 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரக் கடை ஒன்றில் ஊழியர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அது நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பரவியது. நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. 2022 நவம்பரில் இலவச சிவப்புக் கோப்பை வழங்கும் நாளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் வேலைநிறுத்தம். சங்கத்தின் சின்னம் போட்ட சிவப்புக் கோப்பைகளை ஊழியர்கள் விநியோகித்தார்கள். 2023 மார்ச்சில் செனட் விசாரணையில் பெர்னி சாண்டர்ஸின் கேள்விகளுக்கு ஷூல்ட்ஸ் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வலதுசாரிகளுக்கு இடதுசாரிக் கடை; இடதுசாரிகளுக்குத் தொழிலாளர் விரோதக் கடை.

அந்த ஆண்டு அக்டோபரில் காஸா போர் தொடங்கிய சில நாட்களில், சங்கத்தின் சமூக வலைதளக் கணக்கில் பாலஸ்தீன ஆதரவுப் பதிவு ஒன்று வந்தது. அது ஸ்டார்பக்ஸின் கருத்து என்று நினைத்து இஸ்ரேல் ஆதரவாளர்கள் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். எங்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தாதே என்று நிறுவனம் சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. அந்த வழக்கைக் காட்டி, ஸ்டார்பக்ஸ் இஸ்ரேல் பக்கம் என்று பாலஸ்தீன ஆதரவாளர்கள் புறக்கணித்தார்கள். இத்தனைக்கும் இஸ்ரேலில் ஸ்டார்பக்ஸுக்கு ஒரு கடைகூடக் கிடையாது. 2001-ல் திறந்தவற்றை 2003-லேயே மூடிவிட்டார்கள்.

புறக்கணிப்பின் சூடு சியாட்டிலை விட மலேசியாவிலும் வளைகுடாவிலும்தான் அதிகம் தெரிந்தது. அந்தக் கடைகளை நடத்துவது அமெரிக்கக் கம்பெனி அல்ல. உரிமம் வாங்கிய உள்ளூர் நிறுவனங்கள். மலேசியக் கடைகளை நடத்தும் பெர்ஜாயா நிறுவனம் நஷ்டத்தில் விழுந்தது. எங்கள் கடைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள்தான் என்று அது முறையிட்டுப் பார்த்தது. குவைத்தைச் சேர்ந்த அல்ஷாயா குழுமம் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கக் கடைகளில் 2024 மார்ச்சில் ஆட்குறைப்பு செய்தது. வேலை போனவர்கள் சுமார் 2,000 பேர்.