முடிவு தெரிந்த போர்

ரீச் என்ற கோள் விழுந்துவிட்டது என்பது 'ஹேலோ' ரசிகர்களுக்கு 2001-லேயே தெரியும். அந்த ஆண்டு நவம்பரில் வந்த முதல் கேம், ரீச்சிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு விண்கப்பலில்தான் தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பே வெளியான எரிக் நைலண்டின் நாவலும் அந்த வீழ்ச்சியை விரிவாகச் சொல்லியிருந்தது. ஆக, 2010 செப்டம்பர் 14 அன்று 'ஹேலோ: ரீச்' எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தபோது, அதை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். அதை மறைக்க பன்ஜி நிறுவனம் முயலவும் இல்லை. உடைந்த ஹெல்மெட் ஒன்று பாழ்வெளியில் கிடப்பதைத்தான் கேமின் முதல் காட்சியாகவே வைத்தது.

பன்ஜி உருவாக்கிய கடைசி ஹேலோவும் இதுதான். முதல் நாளிலேயே 20 கோடி டாலர் வசூல் செய்தது.

ஷூட்டர் கேம் என்றாலே வெற்றிதான் இலக்கு. எத்தனை முறை செத்தாலும் மறுபடி எழுந்து கடைசியில் உலகத்தைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையில்தான் ஆடுபவர் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறார். முடிவு முன்பே தெரிந்த முன்கதையை எடுப்பவர்களுக்கு இதுவே பெரிய சிக்கல். 2013-இல் வந்த 'கியர்ஸ் ஆஃப் வார்: ஜட்ஜ்மென்ட்' இதில்தான் மாட்டிக்கொண்டது. அதன் நாயகர்களான பேர்டும் கோலும் ராணுவ விசாரணையில் நிறுத்தப்படுகிறார்கள். ஆனால் கதைப்படி அடுத்து நடக்கும், முன்பே வெளிவந்துவிட்ட மூன்று கேம்களிலும் அவர்கள் உயிரோடு இருப்பதை ரசிகர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பிறகு அந்த விசாரணையில் எங்கிருந்து பதற்றம் வரும்?

ரீச் இந்தப் பொறியில் விழவில்லை. தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃபை ஒதுக்கிவைத்துவிட்டு, நோபிள் டீம் என்ற ஆறு பேர் கொண்ட புதிய அணியை முன்னிறுத்தியது. கோளின் கதி தெரியும். இந்த ஆறு பேரின் கதி தெரியாது. அந்த இடைவெளிக்குள்தான் கேம் முழுவதும் மூச்சுவிடுகிறது.

நடுவில் வரும் விண்வெளி மிஷன் இதற்கு நல்ல உதாரணம். ரீச்சைத் தாக்கும் வேற்றுக்கிரக எதிரிகளான கவனன்ட் படையின் ராட்சதக் கப்பலை அழிக்க ஒரு வெடிகுண்டோடு போகிறார்கள். டைமர் பழுதாகிவிட, யாராவது ஒருவர் அங்கேயே இருந்து கையால் இயக்கியாக வேண்டும். அணியின் மூத்தவனான ஜார்ஜ், ஆடுபவரின் பாத்திரமான சிக்ஸைத் தூக்கிக் கப்பலுக்கு வெளியே எறிந்துவிட்டுத் தான் தங்கிவிடுகிறான். கப்பல் அழிகிறது. ரீச்சைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையோடுதான் அவன் சாகிறான். அடுத்த சில நொடிகளில் எதிரியின் பெரும் விண்கப்பல் படையே வானில் வந்து நிற்கிறது. முடிவு தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தியாகம் முழுதாக வலிக்கும்.

அதே அணியைச் சேர்ந்த கேட் என்பவளின் மரணம் இன்னும் கூர்மையானது. எரிந்துகொண்டிருக்கும் நியூ அலெக்ஸாண்ட்ரியா நகரில், பதுங்கிடத்தை நோக்கி ஓடும் வழியில் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு அவள் தலையைத் துளைக்கிறது. வீர வசனம் கிடையாது, விடைபெறுதல் கிடையாது. போர் எப்படிக் கொல்லும் என்பதை அந்தத் தொடர் இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் காட்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு வரும் 'லோன் உல்ஃப்' பகுதி. திரையில் ஒரே ஒரு கட்டளை: உயிர் பிழை. பிழைக்க வழியே கிடையாது. அலை அலையாக எதிரிகள் வருகிறார்கள், அடிபட அடிபட முகக்கவசக் கண்ணாடியில் விரிசல் விழுகிறது, கடைசியில் சிக்ஸ் சாகிறான். எவ்வளவு திறமையாக ஆடினாலும் இதை ஜெயிக்க முடியாது. காட்சியாகக் காட்டி நகர்ந்துவிடாமல், தோல்வியை ஆடுபவரின் கையாலேயே நிகழவைத்ததுதான் ரீச்சின் ஆகப்பெரிய சாதனை.

முன்கதை என்பதால் எதிரிகளுக்கும் ஒரு லாபம் கிடைத்தது. 2007-இல் வந்த 'ஹேலோ 3'-இல், முன்பு கவனன்ட் படையில் இருந்த எலைட் இனத்தவர் மனிதர்களோடு கைகோத்து, அவர்கள் மொழியிலேயே பேசினார்கள். காலம் பின்னோக்கிப் போனதும் மறுபடி பகைவர்கள். புரியாத தங்கள் மொழியிலேயே உறுமிக்கொண்டு வருகிறார்கள். பழைய அச்சம் திரும்பிவிட்டது.

ஆனால் சாகப்போகிறவர்களோடு பழக ரீச் போதிய நேரம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முக்கிய மிஷன்கள் ஒன்பதுதான். அணியின் இன்னொருவனான ஜூனோடு மட்டும் இரவில் பதுங்கிப்போகும் ஒரு மிஷன் இருக்கிறது. அவன் யார் என்பது அங்கேதான் கொஞ்சம் தெரியவருகிறது. அப்படி ஆளுக்கொரு மிஷன் வைத்திருந்தால் போதுமே! தலைவன் கார்ட்டரும் எமிலும் ஒரே மிஷனுக்குள் அடுத்தடுத்து உயிரை விடுகிறார்கள். கார்ட்டர் தன் விமானத்தையே எதிரியின் பெரும் இயந்திரத்தின் மீது மோதும் காட்சி கண்ணை நிறைக்கிறது, மனதை நிறைக்கவில்லை. அதுவரை அவன் பெரும்பாலும் ரேடியோவில் உத்தரவு போடும் குரலாகவே இருந்தான்.

நாவலை நேசித்தவர்களின் கோபம் வேறு. புத்தகத்தில் மின்னல் வேகத்தில் நடந்து முடியும் படையெடுப்பு, கேமில் 2552 ஜூலை 24-இல் தொடங்கி வாரக்கணக்கில் நீள்கிறது. முதல் கேம் தொடங்கும் அந்த 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பல் புத்தகத்தில் விண்வெளியில் இருக்கிறது; கேமில் தரையிலிருந்து கிளம்புகிறது. நாவலின் பிந்தைய பதிப்புகளில் திருத்தங்கள் வந்தும் தையல் தெரியத்தான் செய்கிறது. கேமுக்கு இந்த மாற்றங்கள் தேவைப்பட்டன என்பது உண்மை. ஆனால் ஒன்பது ஆண்டுகளாக வாசகர்கள் மனதில் வாழ்ந்த ஒரு வரலாற்றை இவ்வளவு சுலபமாக மாற்றி எழுதியிருக்க வேண்டாம்.

மல்டிபிளேயரிலும் சர்ச்சைக்குக் குறைவில்லை. சில நொடிகளுக்கு எந்த அடியும் படாமல் மண்டியிட்டு உட்கார்ந்துவிட உதவும் 'ஆர்மர் லாக்', ஆட்டத்தின் ஓட்டத்தையே நிறுத்தியது. அடுத்தடுத்துச் சுடும்போது குறிவட்டம் விரிந்துவிடும் 'ப்ளூம்', திறமையைவிட அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுக்கிறது என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். தொடரின் பொறுப்பை ஏற்ற 343 இண்டஸ்ட்ரீஸ் 2011-இல் வெளியிட்ட அப்டேட்டில் இரண்டின் வீரியமும் குறைக்கப்பட்டது. 'ஃபோர்ஜ் வேர்ல்ட்' என்ற பிரம்மாண்டத் திடலில் ஆட்டக்காரர்கள் தாங்களே மேப்களைக் கட்டிக்கொள்ள முடிந்தது பெரிய கொடை. ஆனால் அதன் சாம்பல்நிறச் சுவர்களைப் பார்த்துப் பார்த்தே பலருக்குச் சலித்துப்போனது.

2019 டிசம்பர் 3 அன்று, 'மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்' தொகுப்பின் முதல் கேமாக ரீச் கணினிக்கு வந்தது. கதைக்காலப்படி இதுதான் முதல் என்பதால், 2001-இல் வந்த கேம் அதற்குப் பிறகே, 2020-இல் கணினித் தொகுப்பில் சேர்ந்தது. ஹேலோவுக்குப் புதியவர்கள் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. பழையதை முடித்துவிட்டு ரீச்சுக்கு வருவதே நல்லது. முடிவில் 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பலின் கேப்டன் கீஸிடம் சிக்ஸ் ஒரு பெட்டியை ஒப்படைக்கும்போது, உள்ளே இருப்பது மாஸ்டர் சீஃபின் துணையாக வரும் செயற்கை நுண்ணறிவான கோர்ட்டானா என்பதும், அந்தக் கப்பல் அடுத்து எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதும் ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.