வருஷத்துக்கு 2 மாத ராணுவமா, முழு நேர ராணுவமா? கைக்குழந்தை உள்ளவர்கள் கையெழுத்து போடும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவை:- "கல்யாணம் ஆயிடுச்சு, கைக்குழந்தை வேற இருக்கு. இனிமே ராணுவத்துல சேர முடியுமா?" ஆள் சேர்ப்பு முகாம் அறிவிப்பு வந்தாலே கோவை, திருச்சி, வேலூர் பக்கத்து இளைஞர்கள் மத்தியில் எழும் கேள்வி இது. "டெரிட்டோரியல் ஆர்மிக்குப் போ. வருஷத்துக்கு ரெண்டு மாசம் போய்ட்டு வந்தா போதும்" என்று பதில் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் சேர்ந்தால் திண்டாடப் போவது வீட்டில் இருக்கும் மனைவியும் குழந்தையும்தான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

கல்யாணம் ஆனவருக்கு கதவு அடைப்பு

முழு நேர ராணுவத்தில் சிப்பாயாகச் சேர இப்போது இருக்கும் வழி, 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம். இதில் சேருபவர் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். 4 ஆண்டு பணி முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. ஆகவே மனைவி, குழந்தை உள்ளவருக்கு இந்த வழியே கிடையாது.

கல்யாணம் ஆகாத தம்பிகளும் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். அறிவிப்பின்படி முதல் வருடம் மாதம் ரூ.30 ஆயிரம் சம்பளம். அதில் 30 சதவீதம் பிடித்தம் போக கைக்கு வருவது ரூ.21 ஆயிரம். 4-வது வருடம் சம்பளம் ரூ.40 ஆயிரம். பிடித்த பணத்துடன் அரசு பங்கும் வட்டியும் சேர்ந்து கடைசியில் சுமார் ரூ.11.71 லட்சம் கிடைக்கும். பென்ஷன் கிடையாது. 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள் என்பது அறிவிப்பில் உள்ள கணக்கு. மற்றவர்கள் வீடு திரும்பி வேறு வேலை தேட வேண்டும்.

ராஜாஜி தொடங்கி வைத்தது

பிராந்திய ராணுவம் எனப்படும் டெரிட்டோரியல் ஆர்மிக்கு 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இதைத் தொடங்கி வைத்தார். கோவை, திருச்சியில் இதன் பட்டாலியன்கள் உள்ளன. கிரிக்கெட் வீரர் டோனி, நடிகர் மோகன்லால் ஆகியோருக்கு கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததும் இந்த ராணுவம்தான்.

18 வயது முதல் 42 வயது வரை சேரலாம். கல்யாணம் ஆகியிருந்தாலும் தடை இல்லை. ஆனால் இது நிரந்தர அரசு வேலை அல்ல. ஏற்கனவே ஒரு வேலையோ தொழிலோ செய்து சம்பாதிப்பவர்களுக்கான ராணுவம் இது. "வேலை இல்ல, அதனால சேரப்போறேன்" என்பவர் முதல் படியிலேயே தப்புக் கணக்கு போடுகிறார்.

கூப்பிட்டால்தான் சம்பளம்

முதல் வருடம் அடிப்படைப் பயிற்சி, அதன்பின் பொதுவாக வருடத்துக்கு 2 மாதப் பயிற்சி. பயிற்சியில் இருக்கும் நாட்களுக்கும், பணிக்கு அழைக்கப்பட்ட நாட்களுக்கும் முழு நேர ராணுவத்துக்கு உண்டான சம்பளம் கிடைக்கும். 7-வது ஊதியக் குழு கணக்குப்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.21 ஆயிரத்து 700. மற்ற நாட்களில் ராணுவச் சம்பளம் இல்லை. உங்கள் சொந்த வேலைதான் சோறு போட வேண்டும்.

அதேசமயம், அழைப்பு வந்தால் 2 மாதத்தோடு முடியாது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் ஏற்பட்டபோது, பிராந்திய ராணுவத்தினர் அனைவரையும் தேவைப்பட்டால் பணிக்கு அழைக்க ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. மொத்தம் உள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் இறக்கவும் அனுமதித்தது. அந்த உத்தரவின் காலம் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை, அதாவது 3 ஆண்டு! 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது மீட்புப் பணிக்கு ஓடியதும் பிராந்திய ராணுவத்தின் 122-வது பட்டாலியன்தான்.

சுருக்கமாகச் சொன்னால், கூப்பிடாத மாதம் காசு இல்லை. கூப்பிட்டுவிட்டால் வீட்டில் ஆள் இல்லை. இரண்டுக்கும் குடும்பம் தயாரா என்பதுதான் கேள்வி.

பட்டறை முதலாளி விடுவாரா?

உதாரணத்துக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராணுவ அழைப்பை ஏற்றுப் போனவருக்கு, திரும்பி வந்ததும் பழைய வேலையைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அரசு ஊழியருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே இல்லாதவர் எந்தக் காகிதத்தைக் காட்டி வேலையைத் திரும்பக் கேட்பார்? சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர் என்றால், வண்டி நிற்கும் மாதங்களில் டியூ யார் கட்டுவது?

பென்ஷன் கணக்கு

சிப்பாய்களுக்குப் பென்ஷன் வேண்டும் என்றால், அழைக்கப்பட்டுப் பணியில் இருந்த காலம் மொத்தம் 15 ஆண்டு சேர வேண்டும். சேர்ந்து 15 வருஷம் ஆனால் போதாது. வருஷத்துக்கு 2 மாதம் என்று வைத்தால்கூட 15 ஆண்டு சேர 90 வருஷம் ஆகும்! பென்ஷனை நம்பி சேருபவர், வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவை

* அழைப்பு வந்து 2 ஆண்டு வெளியில் இருந்தால், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மனைவிக்குத் துணை யார்? மாமியார் வீடா, அம்மா வீடா?

* மனைவி வேலைக்குப் போகிறாரா? குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாமல் அவரும் வேலையை விட நேர்ந்தால் வரவு எவ்வளவு குறையும்?

* அழைப்பு முடிந்து வந்த பிறகு 6 மாதம் வேலை கிடைக்காவிட்டால் வாடகைக்கு என்ன வழி?

* முதலாளியிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கியாகிவிட்டதா?

நிரந்தர வேலையும், வீட்டில் பெரியவர்கள் துணையும் இருப்பவருக்கு பிராந்திய ராணுவம் நல்ல வாய்ப்பு. தினக்கூலியை நம்பி தனிக்குடித்தனம் இருப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை பொறுத்திருந்தாலும் நஷ்டம் இல்லை. 42 வயது வரை கதவு திறந்துதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். எந்த ராணுவத்தில் சேரவும் புரோக்கருக்குப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை. "ஆள் தெரியும், முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது வந்தால், மனைவியின் நகையை அடகு வைக்கும் முன்பு போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள்.